எண்ணலாம், சொல்லக் கூடாது

2024 யூலை 16ஆம் திகதி ரொறொன்ரோவில் பெய்த மழைக்கு உலகமே நம்பும் சாட்சி ஒருவர் உண்டு: ராப் பாடகர் டிரேக். தன் மாளிகைக்குள் காப்பி நிறத்தில் தண்ணீர் புரண்டு வந்ததை அவரே படமெடுத்து இன்ஸ்டகிராமில் போட்டார். உலகம் உச்சுக் கொட்டியது. விமான நிலையத்து மழைமானி 97.8 மி.மீ. காட்டியது. டொன் ஆறு தன் பள்ளத்தாக்கில் போட்டிருந்த நெடுஞ்சாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தீயணைப்புப் படையினர் கார்களுக்குள் இருந்தவர்களை மீட்டெடுத்தார்கள். பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்த சனம் நனைந்த மெத்தையைத் தெருவோரம் போட்டுவிட்டு, வீட்டுக்காரருக்கும் காப்புறுதிக்காரருக்கும் மாறி மாறித் தொலைபேசி எடுத்தது. காப்புறுதிக் கணக்கில் வந்த இழப்பு மட்டும் 90 கோடி டொலருக்கு மேல். ஒரு மாதம் கழித்து, ஓகஸ்ட் 17 அன்று, அதே மழைமானியில் 128 மி.மீ.

டிரேக் வீட்டுக்குத் துக்கம் விசாரித்தாயிற்று. தண்ணீர் ஏரிக்குப் போகும் வழியில் இன்னும் சில குடித்தனக்காரர் இருக்கிறார்கள். றூஜ் ஆற்று முகத்துவாரத்திலும் டஃபின்ஸ் ஓடை முடியும் இடத்திலும் தீவுகளின் ஓரத்திலும் மிஞ்சியிருக்கும் சம்புக்காட்டுக்காரர். கானாங்கோழி வகைகள், சதுப்புச் சிட்டுகள், எல்லோரையும் விடக் கூச்ச சுபாவமுள்ள சின்னக் குருகு. வட அமெரிக்கக் கொக்கினங்களில் ஆகச் சிறியது இதுதான். எடை நூறு கிராமுக்கு வராது. காலை நனைக்காமல் சம்புத் தண்டுகளைப் பற்றிப் பற்றியே நடந்துவிடும். ஆள் அரவம் கேட்டால் அலகை வானத்துக்கு நிமிர்த்திச் சம்போடு சம்பாக நிற்கும். கூடு கட்டுவது தண்ணீருக்கு மேலே ஒரு மீற்றருக்குள். யூலை என்றால் முட்டையும் குஞ்சும் இருக்கக்கூடிய காலம். தாரிலும் கொங்கிறீற்றிலும் விழுந்து உறிஞ்ச இடமில்லாமல் ஓடிவரும் மழை, சில மணி நேரத்துக்குள் அந்தக் கூட்டை என்ன செய்யும் என்பதற்கு இன்ஸ்டகிராம் படம் தேவையில்லை.

படம் இல்லாவிட்டாலும் கணக்கு உண்டு. இந்த நாட்டில் கணக்குக்கு ஒருநாளும் குறைவில்லை. பேர்ட்ஸ் கனடா என்ற அமைப்பு 1990களிலிருந்து பெரிய ஏரிகளின் கரைகளில் சதுப்புப் பறவைகளை எண்ணி வருகிறது. எண்ணுகிறவர்களில் பெரும்பாலானோர் தொண்டர்கள். சொந்தக் காசில் வாங்கிய பூட்ஸோடு சேற்றோரம் நின்று, முன்னால் 100 மீற்றர் அரைவட்டத்தைக் கற்பனையில் போட்டு, 15 நிமிடம் காது கொடுப்பார்கள். நடுவில் ஐந்து நிமிடம் ஒலிப்பெட்டியில் குருகின் குரலையும் கானாங்கோழியின் குரலையும் போட்டு, உள்ளேயிருந்து பதில் வருகிறதா என்று கேட்பார்கள். நுளம்பு கடிக்கும்; அடித்துச் சத்தம் போடக் கூடாது. அடுத்த ஆண்டும் அதே இடம், அதே அரைவட்டம். ஆறுகளையும் வெள்ளச் சமவெளிகளையும் கவனிக்கும் ரொறொன்ரோ வட்டாரப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் தனியாக நீண்டகாலக் கண்காணிப்பு இருக்கிறது. புயலுக்கு முன் எத்தனை, புயலுக்குப் பின் எத்தனை, ஏரி மட்டம் ஏறிய 2017இலும் 2019இலும் எத்தனை என்று கேட்டால் எடுத்துக்காட்டத் தாள் இருக்கும்.

இந்தத் தொண்டர்கள் மேல் எனக்கு மரியாதை தவிர வேறொன்றும் இல்லை. எனக்குக் கோபம், அவர்கள் எழுதிய தாள் குவீன்ஸ் பார்க்கில் இருக்கும் சட்டமன்றத்தை அடையும்போது அதற்கு நடக்கும் மரியாதையைப் பற்றி.

ஒன்ராறியோவில் ஓர் ஈரநிலம் பிழைக்க வேண்டுமானால் பரீட்சை எழுத வேண்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை, உண்மையாகவே புள்ளி போடுகிறார்கள். மொத்தம் 600 எடுத்தால் 'மாகாண முக்கியத்துவம் வாய்ந்தது' என்ற பட்டம். அல்லது உயிரியல், சிறப்பம்சம் ஆகிய இரு பாடங்களில் ஒன்றில் 200 எடுத்தாலும் போதும். பட்டம் கிடைத்தால் புல்டோசர் வாசலில் நிற்கும். முன்பு, அழியும் ஆபத்திலோ அச்சுறுத்தலிலோ உள்ள ஓர் இனம் அங்கே இனப்பெருக்கம் செய்கிறது என்று நிரூபித்தால் அதற்கு மட்டும் 250 புள்ளி. அந்தப் பட்டியலில் உள்ள, நூறு கிராம் பாரமில்லாத ஒரு குருகு தனியாளாக ஒரு சதுப்பையே பாஸ் பண்ண வைத்துவிடும். பிள்ளைக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் ஆசிரியரோடு வழக்காடும் ஸ்காபரோத் தமிழ்ப் பெற்றோருக்கு இதன் அருமை தெரியும்.

2023 சனவரி 1 முதல் அந்த 250 புள்ளி இல்லை. குறைக்கவில்லை. கேள்வியையே வினாத்தாளிலிருந்து எடுத்துவிட்டார்கள். குருகு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பூச்சியம். அதோடு, பக்கத்துப் பக்கத்தில் உள்ள சின்னச் சதுப்புகளை ஒரே தொகுதியாகச் சேர்த்துப் புள்ளி போடும் முறையையும் எடுத்தார்கள். ஒரே தண்ணீரைக் குடிக்கும் பத்துக் குட்டைகள் இனித் தனித்தனியாகப் பரீட்சை எழுதித் தனித்தனியாகப் பெயிலாக வேண்டும். காணி வைத்திருப்பவருக்கு வசதி: ஒவ்வொன்றாக நிரப்பலாம்.

அதே காலத்தில் இன்னொரு திருத்தம். 'மேலும் வீடுகள் விரைவாக' என்ற 23ஆம் சட்டமூலத்தையொட்டி, கட்டட விண்ணப்பங்கள் வரும்போது பாதுகாப்பு ஆணையங்கள் வெள்ளம், மண்ணரிப்பு போன்ற இயற்கை ஆபத்துகளைப் பற்றி மட்டும் கருத்துச் சொல்லலாம் என்று வரம்பு கட்டினார்கள். பறவை, தவளை, மீன், அவற்றின் வாழ்விடம் பற்றி நகரசபைக்கு ஆலோசனை கொடுக்கும் வேலை இனி அவர்களுடையது அல்ல. கண்காணிப்புக்குத் தடை இல்லை, தாராளமாக எண்ணலாம். இருபது ஆண்டுக்கு மேலாக அந்தச் சதுப்பில் நின்ற உயிரியலாளரை விண்ணப்பம் மேசைக்கு வரும் நாளில் மட்டும் வாயை மூடச் சொல்கிறார்கள். குறுந்தொகைத் தலைவிக்கு அன்று கிடைத்த ஒரே சாட்சி, மீன் பார்த்து நின்ற ஒரு குருகு; அது வாய் திறக்காது என்பதே அவள் துயரம். ஒன்ராறியோ அரசு அதே துயரத்தை ஒழுங்குவிதியாக எழுதி, வாய் திறக்கக்கூடிய மனிதருக்கும் நீட்டியிருக்கிறது.

இந்த ஆணையங்கள் பறவைப் பிரியர்களின் பொழுதுபோக்குக்காக உண்டானவை அல்ல. சட்டம் 1946இலேயே வந்தது. அதற்குப் பல் முளைத்தது பிணங்களின் மேல். 1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி வந்தது. ஹம்பர் ஆற்றங்கரையில் றேமோர் டிரைவ் என்ற தெருவின் ஒரு பகுதியை ஆறு வீடுகளோடு அள்ளிக்கொண்டு போனது. அந்த ஒரு தெருவில் மட்டும் 35 பேர். கனடாவில் மொத்தம் 81 பேர். ஆறு தன் இடத்தில்தான் ஓடியது. ஆற்றின் இடத்தில் மனிதர் படுத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் வெள்ளச் சமவெளியில் வீடு கட்டக் கூடாது என்ற புத்தி வந்தது. 1957இல் ரொறொன்ரோவின் ஆறுகளுக்கென்று ஒரே ஆணையம் அமைந்தது. அது பள்ளத்தாக்குக் காணிகளை வாங்கிப் பூங்காவாக்கியது. இன்று கோடையில் நாம் கோழிக்கால் வாட்டும் அந்தப் புல்வெளிகளில் பல, 81 பேர் விலை கொடுத்து வாங்கியவை.

அதே ஹேசல் இரவில் நகரத்துக்கு வடக்கே இன்னொரு பாடம் நடந்தது. ஹொலண்ட் சதுப்பு 1920களின் நடுவிலிருந்து வடிகால் வெட்டிக் காய்கறித் தோட்டமாக்கிய நிலம். கரட்டும் வெங்காயமும் விளைந்த அந்தச் சமவெளி ஒரே இரவில் மறுபடி ஏரியானது. நிலம் தன் பழைய பெயரை மறக்கவில்லை என்று அரசு விளங்கிக்கொண்டிருக்கும் என்று நினைப்பீர்கள். இப்போது அதே சதுப்பின் வடபகுதியைக் குறுக்கறுத்து 16 கி.மீ. நெடுஞ்சாலை போடுகிறார்கள், பெயர் பிராட்ஃபோர்ட் பைபாஸ். சுற்றுச்சூழல் மதிப்பீடா? 2002இல் அங்கீகரித்த பழையது ஒன்று இருக்கிறதே, போதும் என்று 2021இல் விலக்கு எழுதிக்கொண்டார்கள்.

இவர்களுடைய கெட்டித்தனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். சதுப்பைச் சதுப்பு என்ற பெயரில் இவர்கள் தொடுவதே இல்லை. 2020 டிசெம்பரில் நிறைவேறியது கோவிட் கால வரவுசெலவுச் சட்டமூலம். மக்கள் முகக்கவசத்துக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது அதன் 6ஆம் அட்டவணைக்குள் பாதுகாப்பு ஆணையங்களின் கையைக் கட்டும் விதிகள் இருந்தன: காணிப் பயன்பாட்டை மாற்றி அமைச்சர் தனி ஆணை போட்ட இடத்துக்கு ஆணையம் அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். முன்னாள் ரொறொன்ரோ மேயர் டேவிட் குறொம்பி, நகரத்தைச் சுற்றிக் கட்டடத்துக்குத் தடை போட்டு வைத்த பசுமை வளையத்தின் ஆலோசனைக் குழுவின் தலைவர் பதவியைத் தூக்கிப் போட்டார். அவரோடு இன்னும் ஆறு பேர் விலகினார்கள். அரசு அடுத்த பக்கத்தைப் புரட்டியது.

அடுத்த பக்கம் டஃபின்ஸ் ஓடை. ஸ்காபரோவின் எல்லை தாண்டினால் வருகிற பிக்கரிங். மாகாண முக்கியத்துவம் வாய்ந்தது என்ற பட்டத்தோடு இருந்த சதுப்பு. 2020 ஒக்ரோபரிலேயே அமைச்சர் ஒரு கையெழுத்தில் அதைப் பண்டகசாலைக் காணியாக்கினார். மாகாணத்தின் சொந்தத் திட்டக் கொள்கையே இதற்கு இடம் கொடுக்காது என்று சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அரசு என்ன செய்தது? வழக்கில் வாதாடவா? அது பழங்காலப் பழக்கம். 257ஆம் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. அமைச்சரின் ஆணைகள் மாகாணத் திட்டக் கொள்கைக்கு இணங்கத் தேவையில்லை, முன்பு போட்ட ஆணைகளுக்கும் இது செல்லும் என்றது. அந்தச் சட்டமூலம் எதைப் பற்றியது தெரியுமா? கிராமங்களுக்கு அதிவேக இணையம் கொடுப்பது பற்றி. பாதுகாப்பு ஆணையம், சட்டம் வேறு வழி விடாததால் அனுமதியை எழுதிக் கொடுத்தது. கடைசியில் சதுப்பைக் காப்பாற்றியது எந்த அமைச்சருமல்ல, எந்த நீதிபதியுமல்ல. சனத்தின் எதிர்ப்பைப் பார்த்து 2021 மார்ச்சில் அமேசன் கம்பனி அந்த இடம் வேண்டாமென்று விலகியது. ஒரு சதுப்பு அமேசனின் கருணையில் பிழைத்த மாகாணம் இது.

2022இல் வீட்டுப் பஞ்சம் தீர்க்கவென்று பசுமை வளையத்திலிருந்து 7,400 ஏக்கரை வெட்டி எடுத்தார்கள். அதனால் காணிக்காரருக்கு 830 கோடி டொலருக்கு மேல் மதிப்பு ஏறக்கூடும் என்று கணக்காய்வாளர் நாயகம் பொனி லைசிக் 2023 ஓகஸ்ட்டில் எழுதினார். பொறுப்பான அமைச்சர் பதவி விலகினார். முதல்வர் டக் ஃபோர்ட் மன்னிப்புக் கேட்டுக் காணியைத் திருப்பி வைத்தார். பிடிபட்டதைத்தான் திருப்பி வைத்தார்கள். குருகின் 250 புள்ளியை யாரும் திருப்பி வைக்கவில்லை.

பிறகு அமெரிக்காவின் வரிப் போர் வந்தது. அதற்கும் சதுப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் அப்பாவியாக இன்னும் யாராவது இருந்தால் 5ஆம் சட்டமூலத்தைப் படிக்கட்டும். 2025 யூன் 5 அன்று சட்டமானது. பொருளாதாரத்தைக் கட்டவிழ்த்து ஒன்ராறியோவைக் காப்பதாம். அழியும் ஆபத்திலுள்ள இனங்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தை வெட்டிக் குறுக்கி, அதன் இடத்துக்கு வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் பெரும்பாலான வேலைகளுக்கு முன்னனுமதி வேண்டாம். இணையத்தில் பதிந்த கையோடு தொடங்கலாம். வாழ்விடம் என்பதற்குப் புதிய வரையறையும் எழுதினார்கள். முன்பு, ஓர் உயிர் வாழ்வதற்கு நேராகவோ மறைமுகமாகவோ நம்பியிருக்கும் பரப்பு முழுவதும் வாழ்விடம். இப்போது கூடு, குகை போன்ற தங்குமிடமும் அதை ஒட்டினாற்போல் உள்ள இடமும் மட்டும்.

இந்த இலக்கணப்படி உங்கள் வீடு என்பது உங்கள் கட்டிலும் அதைச் சுற்றி நாலடியும். குசினி வேறு ஆளுக்கு. தண்ணீர்க் குழாய் வேறு ஆளுக்கு. நீங்கள் வேலைக்குப் போகும் தெருவை மூடிப் பண்டகசாலை கட்டலாம். உங்கள் வீட்டை யாரும் தொடவில்லையே! அமைச்சர் வந்து எட்டிப் பார்த்து, கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று அறிக்கை விடுவார். கட்டிலில் கிடப்பவருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது அறிக்கையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. குருகு கூட்டில் முட்டை இடுகிறது. மீனும் தும்பியும் பிடிப்பது கூட்டுக்கு வெளியே.

சென்னையிலிருந்து வரும் நண்பர்கள் பள்ளிக்கரணையைப் பற்றிப் பேசினால் குரல் தாழ்த்துவார்கள். சதுப்புக்குள் குப்பைமேடு, சதுப்பை ஒட்டி ஐ.ரி. நெடுஞ்சாலை, 2022இல் ராம்சார் பட்டம், 2023 டிசெம்பரில் மிக்ஜாம் புயல், அதே வாரம் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயில் தோய்ந்த கூழைக்கடாக்கள். கனடாவில் இப்படியெல்லாம் நடக்காதே என்பார்கள். உண்மை. அங்கே சட்டத்தை மீறி நிரப்புகிறார்கள். இங்கே சட்டத்தை மீறுவது நாகரிகமில்லை என்பதால் சட்டத்தை முதலில் நிரப்பிவிடுகிறார்கள்; சதுப்பு பிறகு தானாக நிரம்பும்.

பக்கத்து நாட்டையும் பாருங்கள். அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில் உவர்ச் சதுப்புச் சிட்டு என்று ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒன்பது சதவீதம் குறைந்துகொண்டு போவதாகக் கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள். பெருக்கு ஏறினால் கூட்டில் குஞ்சு மூழ்கிவிடுகிறது. 2012இல் சாண்டி புயல் அடித்த பிறகு டெலவேயர் மாநிலத்துப் பிரைம் ஹூக்கில் மட்டும் 4,000 ஏக்கர் சதுப்பை மீட்க ஏறத்தாழ 3.8 கோடி டொலர் இறக்கினார்கள். அவர்களும் புனிதர்கள் அல்லர். 2023இல் அவர்களின் உச்ச நீதிமன்றமே ஏராளமான ஈரநிலங்களைத் தண்ணீர்ச் சட்டத்துக்கு வெளியே தள்ளியது. ஆனாலும் புயலுக்குப் பின் எண்ணியதும் காசு இறங்கியதும் ஒரே பக்கமாக நடந்தன. எங்களுக்கு உவர்ச் சதுப்புக் கொடுப்பினை இல்லை, ஒன்ராறியோ ஏரி நன்னீர் ஏரி. அந்தக் குறையையும் நகரம் தீர்த்து வைக்கிறது: ஒவ்வொரு பனிக்காலமும் தெருவில் லட்சம் தொன்னுக்கு மேல் உப்பைக் கொட்டுகிறது, பனி உருகினால் அது போகுமிடம் ஓடையும் சதுப்பும்.

ஆஷ்பிரிட்ஜஸ் குடாவின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. டொன் ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில், பெரிய ஏரிகளின் கரையிலேயே மிகப் பெரிய சதுப்புகளில் ஒன்று அங்கே இருந்தது. 1912இல் துறைமுக ஆணையம் திட்டம் போட்டு அதை நிரப்பத் தொடங்கியது. ஆற்றைச் செங்கோணத்தில் திருப்பிக் கால்வாய்க்குள் தள்ளியது. ஆறு செங்கோணத்தில் திரும்பப் பழகவில்லை. பெருமழைக்கெல்லாம் கரை மீறியது. நூறு ஆண்டு கழித்து மூன்று அரசுகள் சேர்ந்து சுமார் 140 கோடி டொலர் செலவழித்து, ஆற்றுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டிச் சதுப்பை மறுபடி நட்டன. 2025 யூலையில் அங்கே அமைத்த பூங்காவைத் திறந்தார்கள். அந்த வேலை அருமையான வேலை, சந்தேகமில்லை. 2021இல் தோண்டும்போது, நிரப்பிய மண்ணுக்கு அடியில் நூறு ஆண்டாகப் புதைந்திருந்த பழைய சதுப்பின் விதைகள் வெளிச்சம் பட்டதும் முளைத்தன. கோரையும் சம்பும். நிரப்பியவர்களும் செத்து, அவர்கள் பிள்ளைகளும் செத்த பிறகு.

இந்த மாதிரி வேலையிலிருந்து அரசு எடுத்துக்கொண்ட பாடம்தான் வயிற்றெரிச்சல். பார்த்தீர்களா, சதுப்பைச் செய்ய முடியும்! எனவே இங்கே அழித்துவிட்டு அங்கே ஒன்று செய்துகொடுத்தால் கணக்குச் சரி என்று, பூங்கா திறப்பதற்கு முன்பே, 2022இல் ஒரு யோசனைத் தாளே வெளியிட்டார்கள். 140 கோடிக்கு ஓர் ஆற்றுவாய். தென் ஒன்ராறியோவில் 2002க்குள் தொலைந்துபோன ஈரநிலம் பழைய பரப்பில் 72 சதவீதம். பெருக்கிப் பார்க்கும் வேலையை நிதி அமைச்சரிடம் விடுகிறேன்.

2025 ஒக்ரோபர் 31 அன்று கடைசிப் பரிசு. மாகாணத்தின் 36 பாதுகாப்பு ஆணையங்களையும் ஏழாக ஒடுக்கப் போவதாக அறிவித்தார்கள். மேலே உட்கார ஒரு மாகாண முகவரகத்துக்கும் ஏற்பாடு. அந்த முகவரகத்துக்கான சட்டமும், நீங்கள் ஊகித்தபடியே, ஒரு வரவுசெலவுச் சட்டமூலத்தின் அட்டவணைக்குள்.

இதையெல்லாம் வெள்ளைக்காரர் விவகாரம் என்று நாம் தள்ளி நிற்க முடியாது. ஆளும் கட்சி வரிசையில் நம்மவரும் இருக்கிறார்கள். கலியாண மண்டபங்களில் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். பொங்கல் விழாவில் முதல் வரிசை கொடுக்கிறோம். பேருந்துத் தரிப்பு வாங்குகளில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் றியல் எஸ்ரேற் முகவர்களில் பாதிப் பேர் நம்மவர். அவர்களோடு ஒரு மேசையில் இருந்தால் கதை இப்படித்தான் போகும்.

"அண்ணை, அது சும்மா சேத்துக் காணி. நிரப்பினால் எத்தனை ரவுன்ஹவுஸ் வரும் தெரியுமே?"

"அதில குருகு இருக்குதாம்."

"பறவைதானே, பறந்துபோய் வேற இடத்தில இருக்கும். நாங்களும் அப்பிடித்தானே வந்தனாங்கள்."

நாங்கள் வந்தபோது இங்கே இறங்க இடம் இருந்தது. நூறில் 72 பங்கு போன பிறகு குருகு எந்த விமான நிலையத்தில் போய் இறங்கும் என்று அந்தத் தம்பி சொல்லவில்லை. கொத்துரொட்டி வந்துவிட்டது.

அடுத்த தேர்தலுக்கு முன் நிதி சேர்க்கும் விருந்துகள் வரும். சால்வையை மடித்துக் கொண்டுபோங்கள், தடையில்லை. போர்த்தும்போது காதோரம் குனிந்து, குருகுக்குக் கொடுத்த 250 புள்ளியை யார் அழித்தது, எந்தத் திகதியில் திருப்பிப் போடுவீர்கள் என்று கேளுங்கள். ஆய்வுக்குழு போட்டிருக்கிறோம், பறவைகளைத் தொடர்ந்து கண்காணிக்கிறோம் என்பார். சால்வையைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.